புதுப்பிப்பு: சீஷெல்ஸ் படகுப் பயணம் போய் வந்தாச்சு

அம்மா அப்பாவோடு சீஷெல்ஸ் தீவுகளைக் கேப்டன், சமையல்காரர் உள்ள பாய்மரப் படகில் சுற்றலாமா, எந்த மாதம் நல்லது என்று கேட்டிருந்தேன். ஏப்ரலில் போய்விட்டுச் சென்னை திரும்பிவிட்டோம், தாராளமாகப் போகலாம். மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும், கடலும் முரட்டுத்தனமாக இருக்கும். ஏப்ரல் காற்று திசை மாறும் நேரம் என்பதால் கடல் அமைதி, ஆனால் பாய்க்குக் காற்று போதாமல் பாதி நேரம் இன்ஜினில்தான் ஓடியது. இரட்டை அடிப்பகுதி கொண்ட கேட்டமரான் வகைப் படகையே எடுங்கள், அதிகம் சாயாது, அம்மாவுக்குக் குமட்டலே இல்லை. சைவம் என்பதை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். கியூரியூஸ் தீவில் ராட்சத ஆமைகள் காலடியிலேயே நடக்கின்றன, அப்பாவுக்குக் கிளம்பவே மனமில்லை! அப்புறம் பிராலின் தீவில் வாலே தெ மே காடு, உலகின் மிகப் பெரிய விதை கொண்ட பனை வளரும் இடம், அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.