தாக்கா சரணடைவுப் படத்தில் நிற்கும் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன்: பதக்கம் பற்றிய ஒரு கேள்வி

வரலாற்று ஆசிரியை

1971 டிசம்பர் 16 அன்று தாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைந்து கையெழுத்திடும் படத்தை வகுப்பில் காட்டினேன். பின்வரிசையில் வெள்ளைச் சீருடையில் நிற்பவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், தமிழர் என்றும் சொன்னேன். உடனே ஒரு மாணவி, "கிழக்குக் கடற்படைக்கே தலைவர் என்கிறீர்கள், அவருக்கு ஏன் மகாவீர் சக்கரம் தரவில்லை?" என்று கேட்டாள். அவர் பெயருக்குப் பின்னால் டி.எஸ்.சி. (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம்) என்று வருகிறதே, அது எந்தப் போரில் கிடைத்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சிக்னல்காரர்

அம்மா, டி.எஸ்.சி. இரண்டாம் உலகப் போரில் கிடைத்தது. 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ், சோவியத் படைகள் ஈரானுக்குள் நுழைந்தபோது, ராயல் இந்தியக் கடற்படையின் இளம் அதிகாரியாகப் பாரசீக வளைகுடாவில் காட்டிய துணிவுக்காகக் கொடுத்தார்கள். பிறகு 1961இல் போர்த்துகீசியர் வசமிருந்த டையூவைத் தாக்கிய ஐ.என்.எஸ். டெல்லிக்கு அவர்தான் கேப்டன்.

மகாவீர் சக்கரம் எதிரியின் முன் நின்று காட்டும் வீரத்துக்கு உரியது. 1971இல் அவர் இருந்த இடம் விசாகப்பட்டினத்துத் தலைமையகம். அங்கே உட்கார்ந்து அவர் செய்ததைத்தான் மாணவியிடம் சொல்ல வேண்டும்.

நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜி வங்கக் கடலுக்கு வந்துவிட்டது. கப்பலோ அந்தமானில் ஆளரவமற்ற ஒரு நங்கூரத் துறையில் மறைந்திருந்தது. நான் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவன். போர்க்காலத்தில் கப்பல் கடலுக்குப் போனால் முதலில் வாயை மூடிக்கொள்வது வயர்லெஸ்தான். கிருஷ்ணன் வேண்டுமென்றே அதைப் பேசவிட்டார். டெஸ்ட்ராயர் வகைப் பழைய போர்க்கப்பலான ராஜ்புத்தைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் போல ஓயாமல் செய்தி அனுப்பச் சொன்னார். இறைச்சியும் காய்கறியும் ஏராளமாக ஆர்டர் செய்து, கடற்படை துறைமுகத்தில்தான் இருக்கிறது என்று கடைத்தெருவை நம்பவைத்தார். விக்ராந்த் மாலுமி ஒருவர், உடல்நிலை மோசமாக இருக்கும் தம் தாயைப் பற்றி விசாரிப்பதுபோல ஒரு சாதாரணத் தந்தி கூடப் போனது! ரகசியக் குறியீடு எதுவும் இல்லாத அந்தத் தந்தியை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியது.

கரையோரன்

ஐயா சொல்வது சரி. ஆனால் காஜி எப்படி மூழ்கியது என்பதில் சர்ச்சை உண்டு என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள். ராஜ்புத் வீசிய ஆழ்கடல் வெடிகுண்டுகளே காரணம் என்பது நம் கடற்படையின் கூற்று. உள்ளேயோ தன் கண்ணிவெடியாலோ ஏற்பட்ட வெடிப்பு என்பது பாகிஸ்தான் தரப்பு. ராஜ்புத்தின் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங்குக்கு வீர் சக்கரம் கிடைத்தது. கிருஷ்ணனையும் நாடு சும்மா விட்டுவிடவில்லை; பரம் விசிஷ்ட் சேவா பதக்கமும் 1972இல் பத்மபூஷணும் கொடுத்தார்கள்.

பதக்கச் சேகரிப்பாளர்

டி.எஸ்.சி. வெள்ளிச் சிலுவை. ரிப்பன் கருநீலம், வெள்ளை, கருநீலம் என்று மூன்று சமப் பட்டைகள். 1940 முதல் பின்பக்கத்தின் கீழ்க்கரத்தில் ஆண்டைப் பொறித்தார்கள். 1993 வரை அதிகாரிகளுக்குச் சிலுவை, அதே துணிவைக் காட்டிய சாதாரண மாலுமிக்கு டி.எஸ்.எம். என்ற பதக்கம். பதவியைப் பார்த்துப் பிரித்த அந்த முறை எனக்குப் பிடிப்பதில்லை. நம் மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் போன்றவற்றில் அந்தப் பேதம் இல்லை என்பதை மாணவிகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

வரலாற்று ஆசிரியை

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்படியென்றால் விக்ராந்தில் இருந்த யாருக்காவது மகாவீர் சக்கரம் கிடைத்ததா?

பழைய சிக்னல்காரர்

கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்குக் கிடைத்தது. கப்பலின் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாது. சீ ஹாக் விமானங்கள் மேலெழும்ப எதிர்க்காற்று வேண்டும், அதற்குக் கப்பல் விரைந்து ஓட வேண்டும். அந்த நிலையிலும் டிசம்பர் 4 அன்று காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் அவருடைய விமானங்கள் தாக்கின.