மறு: ‘சேஃப்கார்டிங்’ – ‘காப்பொழுங்கு’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் கூத்து, பரதம், மேடை நாடகம் என்று பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குத் தீங்கு வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதையும், வந்தால் செய்ய வேண்டியதையும் சேர்த்து ஆங்கிலத்தில் சேஃப்கார்டிங் என்கிறார்கள்; அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார், நடன ஆசிரியர், உடுப்புக் கட்டுகிறவர், ஒலி ஒளிக்கு நிற்கிற பெடியன்கள் எல்லாருக்கும் ஒரே சொல் வேண்டும். இதுவரை வந்த ஆலோசனைகளுக்கு என் பதில் கீழே.

> ‘சிறுவர் பாதுகாப்பு’ ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

போதாது, ரீச்சர். அந்தச் சொல்லுக்கு எங்கள் நாட்டில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, 1929 என்ற அவசர இலக்கம், பொலிஸ், நன்னடத்தை அலுவலர் – சொன்னதும் இவைதான் மனதில் வரும். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்தது, அல்லது நடக்கும் என்ற சந்தேகம் வந்த பிறகு செய்கிற வேலை அது. சேஃப்கார்டிங்குக்குள் அதுவும் அடங்கும். ஆனால் இது வெகு முன்னாலேயே தொடங்கிவிடும்: யாரை என்ன விசாரித்து வேலைக்கு எடுக்கிறோம், இரவு ஒத்திகை முடிந்து பிள்ளை யாரோடு ஓட்டோவில் ஏறுகிறது, உடுப்பு மாற்றுகிற அறைக்குள் யார் போகலாம், சதங்கை கட்டும்போது எடுத்த படம் எந்த வட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாதுகாப்பு என்றதும் எங்கள் ஆட்கள் “எங்கட இடத்தில அப்படி ஒண்டும் நடக்கிறேல்ல” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் கண் வெளியாளைத்தான் தேடுகிறது. பிள்ளைக்குத் தீங்கு செய்கிறவரோ பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர், வீட்டார் நம்புகிறவர். ஆகவே நாங்கள் தேடுகிற சொல், அதைச் சொல்கிறவரின் நடத்தையைத் தொட வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம்.

> ‘குழந்தைகள் நலன் காப்பு’ எப்படி?

சென்னை நண்பருக்கு நன்றி. ஆனால் இங்கே குழந்தை என்றால் கைக்குழந்தைதான். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரும் சிறுவர். அருச்சுனன் வேடம் கட்டுகிற 16 வயதுப் பெடியனைக் குழந்தை என்றால் அவன் அடுத்த நாள் ஒத்திகைக்கு வரமாட்டான்! ‘நலன்’ என்பதிலும் எனக்குத் தயக்கம். இடம்பெயர்ந்து ‘நலன்புரி நிலைய’ங்களில் இருந்த சம்பூர், மூதூர்ச் சனங்களின் காதில் அந்தச் சொல் வேறு மாதிரி விழும்.

> முற்காப்பு?

வந்தவற்றில் இதுதான் எனக்கு நன்றாகப் பிடித்தது. சின்னது, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ஆனால் ‘முன்’னோடு நின்றுவிடுகிறது. ஒரு பிள்ளை உங்களிடம் வந்து ஏதோ சொல்லத் தொடங்கினால் குறுக்கே கேள்வி கேட்காமல் கேட்பது, “ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது, பிள்ளை சொன்ன சொல்லிலேயே எழுதிவைப்பது, அன்றைக்கே பொறுப்பானவரிடம் கொடுப்பது – பயிற்சியின் கனமான பகுதியே இதுதான். இது முற்காப்புக்குள் வராது.

சரி, என் பரிந்துரை: காப்பொழுங்கு. காப்பு + ஒழுங்கு. பிள்ளையைக் காப்பதற்காகப் பெரியவர்களும் நிறுவனமும் தங்கள்மேல் போட்டுக்கொள்கிற ஒழுங்கு. முன்னுக்குச் செய்வதும் பின்னுக்குச் செய்வதும் இரண்டும் அதற்குள் வரும். காப்பு என்றால் கைவளையமல்லவா என்று சிலர் கேட்கலாம். எனக்கு அது சொல்லுக்குப் பலமாகவே படுகிறது. அம்மன் கோயில் திருவிழாவில் காப்புக் கட்டினவர், அதை அவிழ்க்கும் வரை தன் நடை உடையில் எவ்வளவு கவனமாக இருப்பார் என்று எங்கள் சனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

போன பயிற்சியில் இதைச் சொல்லிப் பார்த்தேன். உடுப்புக் கட்டுகிற அக்கா ஒருவர், “அப்ப நான் பிள்ளையின்ர உடுப்புக்கு ஊசி குத்திவிடுறதுக்கும் இன்னொராள் நிக்கவேணுமோ?” என்று கேட்டார். நிற்க வேண்டும், கதவும் திறந்திருக்க வேண்டும், பிள்ளையிடம் “குத்திவிடட்டோ?” என்று கேட்கவும் வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே பக்கத்திலிருந்த நடன ஆசிரியரிடம், “உங்களுக்கும்தான் காப்பொழுங்கு, அரைமண்டியில் முழங்காலைப் பிடிச்சுத் திருத்த முதல் கேளுங்கோ” என்றார். விளக்கம் கேட்காமல் சொல் அவர் வாயில் வந்துவிட்டது. ஒரு கலைச்சொல்லுக்கு இதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது.

காப்பொழுங்குக் கொள்கை, காப்பொழுங்குப் பொறுப்பாளர், காப்பொழுங்குப் பயிற்சி என்று குடும்பமாகவும் விரிகிறது. வினையாக வேண்டுமென்றால் ‘காப்பொழுங்கு பேணுதல்’. கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக ஒன்று யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அப்புறம் ‘ஷப்பரோன்’. இங்கிலாந்தில் மேடையேறுகிற பிள்ளையோடு பெற்றோரோ ஆசிரியரோ இல்லையென்றால், உள்ளூராட்சி சபை அங்கீகரித்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஒருவர் ஆகக்கூடியது 12 பிள்ளைகளைத்தான் பார்க்கலாம். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது எங்களுக்கும் இப்படியொரு ஆள் கட்டாயம் தேவை. ‘பாதுகாவலர்’ பாடசாலைப் படிவங்களில் வேறு பொருளில் இருக்கிறது. ‘துணைக்குப் போறது’ என்று வீட்டில் சொல்கிறோம், அதிலிருந்து ‘துணையாள்’ என்று வைத்திருக்கிறேன்.

கையேடு மாத முடிவில் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் கிண்ணியா, மூதூர் நண்பர்கள் கட்டாயம் ஒரு வரி எழுத வேண்டும். காப்புக் கட்டும் வழக்கம் இல்லாத வீட்டில் ‘காப்பொழுங்கு’ எப்படிக் கேட்கிறது? உங்கள் மதரசா, கலைமன்றப் பயிற்சிகளுக்கும் இதே கையேடுதான் வரப்போகிறது.