தண்டவாளம் போடும் பணம், வண்டி ஓட்டும் பணம்

குழு: நம் குடும்பம்
சனிக்கிழமை

தம்பி, காலை 7:40
[படம்: இலகு ரயில் வழித்தட வரைபடம்]
இலகு ரயில், அதாவது நகரச் சாலையிலேயே தண்டவாளம் போட்டு ஓட்டும் சிறிய மின்சார ரயில் திட்டத்துக்கு நகர நிர்வாகம் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. திங்கட்கிழமை கடைசி நாள். இந்தக் குழுவில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. ஒருவர்கூட இன்னும் எழுதி அனுப்பவில்லை.

மாமா, 7:52
என் கருத்து ஒரே சொல். வேண்டாம். கடை இருக்கிற சாலையில்தான் கோடு இழுத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் வாசலில் பள்ளம் தோண்டிப் போட்டால் எந்த வாடிக்கையாளர் தாண்டி வருவார்?

அக்கா, 8:06
இப்போதுதான் இரவு ஷிப்ட் முடிந்து வந்தேன். மாமா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு, காலையில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றேன். வந்த முதல் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வேண்டாம் என்பது எனக்கு ஒரு பதிலாகத் தெரியவில்லை.

அப்பா, 8:15
பஸ்ஸுக்கே தனித்தடம் விட்டால் என்ன? பிரேசிலின் குரிடிபாவில் 1974 முதல் அப்படித்தான் ஓடுகிறது. கொலம்பியாவின் போகோட்டாவில் 2000-இல் டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தட பஸ் சேவை வந்தது. கட்டும் செலவு மிகக் குறைவு, சீக்கிரமும் முடிந்துவிடும்.

நான், 8:31
அப்பா, வேகம் தனித்தடத்தால்தான் வருகிறது, இரும்புச் சக்கரத்தால் இல்லை. அதில் உங்கள் பக்கம்தான். டிராம் என்கிற தெரு ரயில் காரோடு கலந்து ஓடினால், அதற்குப் பஸ்ஸைவிட மோசமான கதி. வழியில் ஒரு வண்டி நின்றால் பஸ் ஒதுங்கிப் போகும், டிராம் பின்னாலேயே நிற்க வேண்டியதுதான்.
ரயிலுக்கு வேறொரு பலம் உண்டு. கனடாவின் கால்கரியில் நான்கு பெட்டிகள் கோத்த வண்டியை ஒரே ஓட்டுநர் ஓட்டுகிறார். பஸ்ஸில் கூட்டம் இரட்டித்தால் ஓட்டுநரும் இரட்டிக்க வேண்டும். கூட்டம் இல்லாத வழியில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். அக்கா போகிற வழியில் அந்தக் கூட்டம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மாமா, 8:40
கால்கரியைப் புகழ்கிறாயே, அந்த ஊரின் ‘பச்சைத் தடம்’ என்ற புதிய ரயில் வழியைப் பற்றியும் சொல். 2017-இல் 20 கிலோமீட்டருக்கு 465 கோடி கனடா டாலர் என்றார்கள். 2024 ஜூலையில் நீளம் 10 கிலோமீட்டர், செலவு சுமார் 620 கோடி. பாதி ரயிலுக்குக் கூடுதல் பணம். இரண்டு மாதத்தில் மாகாண அரசு தன் பங்கைத் தர மறுத்தது.

நான், 8:47
உண்மைதான் மாமா. நகர மையத்தில் சுரங்கம் போட நினைத்தது அதில் பெரிய செலவு. அதே ஊர் 1981-இல் முதல் தடத்தைத் திறந்தபோது மையத்தில் சுரங்கம் இல்லை. ஏழாவது அவென்யூவை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் விட்டுவிட்டு, கார்களை வேறு தெருக்களுக்கு அனுப்பினார்கள். சாலையைப் பங்கு போட மனம் வராத ஊர் சுரங்கத்துக்குப் பணம் கொடுக்கிறது.

பெரியப்பா, 9:20
எல்லாவற்றையும் படித்தேன். யாரும் சாலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பேசவில்லை.
முப்பத்தோரு வருடம் குடிநீர்க் குழாய் வேலை பார்த்தவன் நான். வரைபடத்தில் குழாய் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும். தோண்டினால் இரண்டு மீட்டரில், அதுவும் தெருவின் அடுத்த ஓரத்தில் கிடைக்கும். அதன் மேல் யாரோ எப்போதோ போட்ட கேபிள், பக்கத்தில் கைவிட்ட பழைய குழாய், எதற்கும் பதிவே இருக்காது. தண்டவாளத்துக்கு அடியில் குழாயை விட்டுவைக்கவும் கூடாது. அது உடைந்தால் ரயிலை நிறுத்திவிட்டுத்தான் தோண்ட முடியும். இன்னொன்றும் உண்டு. மேல்கம்பியில் வரும் மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அதில் கசிகிற மின்சாரம் பக்கத்து இரும்புக் குழாயை மெல்ல மெல்ல அரித்துவிடும். அதனால் ரயில் ஓடும் முன்பே எல்லாவற்றையும் ஓரத்துக்கு மாற்றியாக வேண்டும்.

பெரியப்பா, 9:34
ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இதில்தான் அடிபட்டார்கள். 2007-இல் குழாய் மாற்றும் வேலை தொடங்கியது. நினைத்ததைவிட மிக அதிகம் இருந்தது. ஒதுக்கிய பணம் 54.5 கோடி பவுண்டு, முடிந்தபோது 77.6 கோடி. 2011-இல் ஓட வேண்டியது 2014 மே மாதம் ஓடியது. அதுவும் பாதி வழியில் நின்றது, நியூஹேவன் வரை போக 2023 ஆயிற்று. ஏன் இப்படி ஆனது என்று விசாரிக்க அமைத்த ஆணையத்தின் அறிக்கையும் 2023-இல்தான் வந்தது.

மாமா, 9:38
அத்தானே சொல்லிவிட்டார். இனி என்ன பேச்சு?

பெரியப்பா, 9:41
மாப்பிள்ளை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் வழி நெடுக சோதனைக் குழி தோண்டிப் பார்க்கச் சொல்கிறேன். அதற்குச் சில மாதம் பிடிக்கும். அந்தச் சில மாதத்தை மிச்சம் பிடிப்பவன் அப்புறம் வருடக்கணக்கில் கொடுப்பான். நான் குழியில் இறங்கிப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

தம்பி, 9:55
வரைபடத்தில் தெற்கே ஒரு பழைய சரக்கு ரயில் பாதை தெரிகிறது. அதிலேயே ஓட்டினால் தோண்டும் வேலை குறையுமே? அமெரிக்காவின் சான் டியாகோ 1981-இல் அப்படித்தான் செய்தது. ஒரு சரக்குப் பாதையை வாங்கி, மத்திய அரசின் பணம் இல்லாமலே முதல் தடத்தை முடித்தது.

அக்கா, 10:02
அந்தப் பாதையில் என் மருத்துவமனை இல்லை. கல்லூரி இல்லை. காலி கிடங்குகள்தான் இருக்கின்றன. மலிவாகக் கட்டி, ஆள் இல்லாத இடத்தில் ஓட்டி, பார்த்தீர்களா யாரும் ஏறவில்லை என்று சொல்லப்போகிறார்களா?

பெரியப்பா, 10:05
அவள் சொல்வது சரி. தெற்கே பாதி வழி அந்தப் பாதை, மீதி பிரதான சாலை என்று கேட்கலாம்.

சித்தி, 11:10
இப்போதுதான் பார்க்க முடிந்தது. கணக்கு பார்ப்பவள் என்ற முறையில் கேட்கிறேன். திட்ட அறிக்கையைத் திறந்தேன். கட்டும் பணம் யார் யார் பங்கு என்று இருபது பக்கம். ஓட்டும் பணத்துக்கு ஒரே பத்தி, அதில் டிக்கெட் வருமானம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வாக்கியம். உலகத்தில் பெரும்பாலான ஊர்களில் டிக்கெட் பணம் தினசரிச் செலவுக்கே போதாது.

சித்தி, 11:18
எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் திறந்தார்கள். 47.5 கோடி டாலர், அதில் 85 சதவீதம் சீன வங்கிக் கடன். மூன்று, நான்கு வருடத்தில் கட்டி முடித்தார்கள், கட்டியதில் குறை சொல்ல முடியாது. அப்புறம் உதிரி பாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. வாங்கிய வண்டிகளில் பல பணிமனையில் நின்றுவிட்டன. ஓடிய கொஞ்சம் வண்டிகளில் மக்கள் நெருக்கியடித்துப் போனார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

அப்பா, 11:25
அப்படியென்றால் வழி என்ன?

சித்தி, 11:37
பிரான்ஸில் சட்டத்தாலேயே வழி செய்திருக்கிறார்கள் அத்தான். 1971-இல் பாரிஸில் ஒரு வரி கொண்டுவந்தார்கள், 1973-இல் மற்ற ஊர்களுக்கும் வந்தது. ஓரளவு பெரிய முதலாளிகள் தாங்கள் தரும் சம்பளத் தொகையில் சிறு சதவீதத்தைப் போக்குவரத்துக்குக் கட்ட வேண்டும். கட்டவும் ஓட்டவும் இரண்டுக்கும் அந்தப் பணம் பயன்படும், வருடா வருடம் வரும். பெரும்பாலான ஊர்களில் டிராமை எடுத்துவிட்டிருந்த நாட்டில் 1985-இல் நான்ட், 1987-இல் கிரனோபிள், 1994-இல் ஸ்ட்ராஸ்பர்க் என்று வரிசையாகத் திரும்பி வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். லாஸ் ஏஞ்சலிஸில் 2008-இல் விற்பனை வரியை அரை சதவீதம் உயர்த்தலாமா என்று மக்களிடமே வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சம்மதித்தார்கள்.

அப்பா, 11:44
ரயில் வந்தால் பக்கத்து நிலத்தின் விலை ஏறும். அதிலும் நகரம் பங்கு கேட்கலாம்.

மாமா, 11:50
ஏறும், யாருக்கு? கட்டடம் என்னுடையது இல்லை. தோண்டும்போது வியாபாரம் போகும், ரயில் வந்ததும் வாடகை ஏறும். இரண்டு பக்கமும் எனக்குத்தான் அடி. இதை இதுவரை ஒரு கூட்டத்திலும் யாரும் சொல்லவில்லை.

நான், 12:08
மாமா, இதை நான் யோசிக்கவே இல்லை. மன்னியுங்கள். நீங்கள் பிடிவாதத்தில் சொல்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.
பிரான்ஸின் பல டிராம் ஊர்களில் வேலை நடக்கும்போதே ஓர் இழப்பீட்டுக் குழு உட்காரும். கடைக்காரர் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் காட்டினால், நீதிமன்றத்துக்குப் போகாமலே இழப்பைப் பேசித் தீர்ப்பார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜார்ஜ் தெருவில் நடந்த இலகு ரயில் பணியால் நொந்த கடைக்காரர்கள் வழக்குப் போட வேண்டியதாயிற்று. நாம் முதல் வழியைக் கேட்கலாம்.

மாமா, 12:15
கேள். ஆனால் வேண்டாம் என்று தனியாக நானும் எழுதுவேன்.

நான், 12:16
எழுதுங்கள் மாமா. அது உங்கள் உரிமை. இழப்பீடு கேட்கும் வாக்கியத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டுமா?

மாமா, 12:20
அதில் மட்டும் போடு.

நான், இரவு 8:30
கடிதம் இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:
“இலகு ரயில் வர வேண்டும் என்று விரும்புகிறோம். ஆனால் ஆண்டுதோறும் வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் பணம் எந்த வரியிலிருந்து வரும் என்பதைச் சட்டமாக்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பிரதான சாலையில் ரயிலுக்கு முழு நீளமும் தனித்தடம் வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன் சோதனைக் குழிகள் தோண்டி, கண்டதை மக்களுக்கு வெளியிட வேண்டும். தெற்கே சரக்குப் பாதையையும் வடக்கே மருத்துவமனைச் சாலையையும் இணைக்க வேண்டும். வாடகைக்குக் கடை நடத்துபவர்களுக்கு, வேலை நடக்கும்போதே இழப்பீடு தர ஒரு குழு வேண்டும். ரயில் தயாராகும்வரை அதே வழியில் பஸ்ஸுக்குத் தனித்தடத்தை இந்த ஆண்டே ஒதுக்க வேண்டும்.”

அப்பா, 8:41
கடைசி வாக்கியம் எனக்காகவா? நன்றி. எதையும் மாற்ற வேண்டாம்.

சித்தி, 8:44
“பழுது பார்க்கவும்” என்பதற்குப் பின் “உதிரி பாகம் வாங்கவும்” சேர்.

பெரியப்பா, 8:52
சோதனைக் குழி எத்தனை மீட்டருக்கு ஒன்று என்றும் கேள். சொல்லாவிட்டால் மூன்று குழி தோண்டிவிட்டு முடிந்தது என்பார்கள். குறுக்குத் தெரு சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்று கட்டாயம்.

அக்கா, 9:10
ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று யாருமே கேட்கவில்லை. எங்கள் மாலை ஷிப்ட் பத்து மணிக்கு முடியும். பத்தரைக்கு மேல் வண்டி இல்லையென்றால் எங்களுக்கு அது ரயிலே இல்லை.

நான், 9:12
சேர்த்துவிட்டேன் அக்கா. மூன்று திருத்தத்தோடும் இப்போதே அனுப்புகிறேன்.