ஆஃப் சென்டர் வெண்கலக் காசில் பச்சை பூத்திருக்கிறது: வாங்கலாமா? வாங்கினால் எப்படி வைத்திருப்பது?

காசுப்பெட்டி எழுதியது:

வணக்கம். வெண்கல எரர் காசு (அச்சடிக்கும்போது பிழை நேர்ந்த காசு) ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. அச்சு ஒரு பக்கமாக விலகி விழுந்து, மிச்ச இடம் பிறை வடிவில் வெறும் தகடாக நிற்கிறது (ஆஃப் சென்டர் என்பது இதுதான்). ஆண்டின் நான்கு இலக்கமும் இருக்கிறது, கடைசி எண் மேல் மட்டும் களிம்பு. விற்பவர் தந்த அளவுகள்: எடை 4.93 கிராம் (இந்த வகைக்கு 5.00 இருக்க வேண்டும்), அகலமான இடத்தில் விட்டம் 24.6 மி.மீ. (சரியான விட்டம் 23), பிறையின் அகலம் 8 மி.மீ. பிறை மேல் அடர்பச்சைத் திட்டுகள். அச்சு முடியும் விளிம்பை ஒட்டி வெளிர்பச்சையில் நாலைந்து புள்ளிகள், மாவு மாதிரி. "இயற்கையான பாட்டினாதான் (காலப்போக்கில் படியும் மேற்படலம்), பயப்படாதீர்கள்" என்கிறார்.

அசல்தானா என்று போட்டோவை வைத்தே எந்த அளவுக்குச் சொல்ல முடியும்? வாங்கினால் அந்தப் பச்சையை எடுக்கலாமா, விட்டுவிடுவதா?

மூன்றாம்பக்கம் எழுதியது:

8 மி.மீ.யை 23 ஆல் வகுத்தால் சுமார் 35 சதவீத விலகல். ஆண்டு முழுதாக இருப்பதால் சேகரிப்பாளர்கள் தேடும் வகைதான். ஆனால் சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், முதலில் காசு அசலா என்று பாருங்கள். அரித்த காசில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அரம் போட்ட கீறலை மறைக்க அமிலத்தில் முக்குவது பழைய தந்திரம்.

முதல் சோதனை விரலாலேயே செய்யலாம். பிறையின் நடுவில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்துக் காசைப் பிடித்துத் திருப்புங்கள். இரண்டு விரலும் வெறும் தகட்டின் மேலேயே இருக்க வேண்டும். அச்சுக்கூடத்தில் தகடு காலருக்குள் (காசைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) சரியாக உட்காராமல் போனால் மேல் டை, கீழ் டை (அச்சு முத்திரைகள்) இரண்டுமே தகட்டின் அதே பகுதியில்தான் அடிக்கும். ஒரு பக்கம் விலகி, மறு பக்கம் நடுவில் சரியாக இருந்தால் அது ஆஃப் சென்டர் இல்லை, டை மட்டும் நகர்ந்த வகை. அதற்கு மதிப்பு மிகக் குறைவு. (இரண்டு தகடு ஒன்றாக உள்ளே போய், ஒரு பக்கத்தில் அச்சே விழாத காசும் உண்டு. அது தனிக் கதை.)

அடுத்தது தடிமன். விற்பவரிடம் வெர்னியர் (நுண்ணளவுக் கருவி) இருப்பது தெரிகிறது, மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்: பிறையில், அச்சுப் பகுதியின் வெற்றுத் தளத்தில், அச்சுப் பகுதியின் வெளி ஓரத்தில். அசலில் டை அழுத்திய இடம் நசுங்கி மெலிந்திருக்கும், பிறை அதைவிடத் தடியாக இருக்கும். சாதாரணக் காசின் ஒரு பகுதியை அரத்தால் ராவிப் பிறையாக்கியிருந்தால் அளவு தலைகீழாக வரும். காலர் பிடிக்காததால் அச்சுப் பகுதி வெளிப்பக்கமாகப் பிதுங்கி, காசு கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்க வேண்டும். உங்கள் 24.6 அதற்குப் பொருந்துகிறது.

எடையும் பரவாயில்லை. அச்சு விலகினாலும் தகடு முழுத் தகடுதான், எடை குறையக் காரணமில்லை. 0.07 கிராம் என்பது 1.4 சதவீதம், அரிப்பிலும் தேய்மானத்திலும் போகக்கூடியது. பத்து சதவீதம் குறைந்திருந்தால் அமிலமோ, வெட்டோ, அரமோ என்று சந்தேகப்படலாம்.

போட்டோ கேட்கும்போது முன், பின் மட்டும் கேட்காதீர்கள். காசைச் சுற்றி விளிம்பை நான்கு பக்கமும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் பிறையின் படமும் வேண்டும். அச்சடிப்பதற்கு முன்பே தகட்டின் ஓரத்தை உருட்டி லேசாக உயர்த்தியிருப்பார்கள். பிறையின் வெளி ஓரத்தில் அந்த மெல்லிய வரப்பு தெரிந்தால் நல்ல அறிகுறி. ஒரே திசையில் ஓடும் கோடுகள் தெரிந்தால் விலகிவிடுங்கள். வைஸில் (பட்டறைப் பிடிப்புக் கருவி) இன்னொரு காசோடு வைத்து நசுக்கிய போலியில் எழுத்து குழிந்தும் இடவலம் மாறியும் இருக்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும்.

உலோகன் எழுதியது:

அசலா என்பதை மேலே சொல்லிவிட்டார். நான் பச்சைக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்வது இரண்டு வேறு பச்சை. பிறை மேல் இருக்கும் அடர்பச்சை கெட்டியாக, ஒட்டிக்கொண்டு, லேசான பளபளப்போடு இருந்தால் அது அடங்கிப்போன களிம்பு. அதை விட்டுவிடலாம். கவலை அந்த மாவுப் புள்ளிகளைப் பற்றித்தான். செம்பில் குளோரைடு ஏறியிருந்தால் உள்ளே செப்பு குளோரைடு உட்கார்ந்திருக்கும். ஈரமும் காற்றும் பட்டால் அது வெளிர்பச்சைத் தூளாக மாறும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உண்டாக்கும். அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடு ஆகும். வெண்கல நோய் என்பது இதுதான், தானாக நிற்காது. அச்சு முடியும் கோடு ஒரு சின்னப் படி, அழுக்கும் ஈரமும் அங்கேதான் தங்கும். உங்கள் காசின் அத்தாட்சியும் அதே கோடுதான்.

"இயற்கையான பாட்டினா" என்ற பேச்சைத் தள்ளிவிட்டு ஒன்று கேளுங்கள்: மரக்குச்சி முனையால் அந்தப் புள்ளியைத் தொட்டால் தூளாக உதிர்கிறதா? உதிர்ந்து, கீழே குழி தெரிந்தால் நோய்தான். வழுவழுவென்று இழுபட்டால் அது பிவிசி உறையிலிருந்து இறங்கிய பிசின், பிழைத்தீர்கள்.

வாங்கினால் செய்ய வேண்டியது: கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி, காசைப் போட்டு மூடி, ஒரு மணி நேரம் விடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெய், வாசனை எல்லாம் கலந்திருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் வேண்டாம், கரைந்து காசிலேயே படியும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. புது அசிட்டோனில் இன்னொரு முறை அலசி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். பிசினும் எண்ணெயும் போய்விடும். களிம்பு போகாது, போகவும் வேண்டாம்.

பிறகு 10 மடங்கு லென்ஸுக்குக் கீழே, மூங்கில் குச்சியாலோ ரோஜா முள்ளாலோ மாவுப் புள்ளியை மட்டும் குத்தி எடுங்கள். முள் வெண்கலத்தைக் கீறாது, தூளை மட்டும் எடுக்கும். ஊசி கூடாது. கை கோட்டின் நீளத்துக்கே போகட்டும், குறுக்கே இழுத்தால் படியின் முனை மழுங்கும்.

காசுப்பெட்டி எழுதியது:

நன்றி. கடைசி எண் மேல் இருப்பதை மட்டும் வினிகரில் முக்கி எடுத்தால் என்ன? இல்லையென்றால் ஆலிவ் எண்ணெயில் சில மாதம் ஊறப்போடச் சொல்கிறார்களே?

உலோகன் எழுதியது:

வினிகர், எலுமிச்சை எல்லாமே களிம்போடு சேர்த்துக் கீழே இருக்கும் செம்பையும் தொடும். எடுத்தவுடன் காசு இளஞ்சிவப்பாகச் சொரசொரவென்று நிற்கும், அந்த நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. அதைவிட மோசம், அமிலத்தில் முக்கிய காசு போலிக்காரன் முக்கிய காசு மாதிரியே தெரியும். அசலை நீங்களே சந்தேகத்துக்கு உள்ளாக்குவீர்கள். ஆலிவ் எண்ணெயிலும் கொழுப்பமிலம் உண்டு, மெதுவாக அதே வேலையைச் செய்து நிறத்தையும் கருக்கும்.

எண் வாசிக்கத் தெரிந்தால் போதும், விடுங்கள். தெரியவே இல்லை என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, முள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக. நீரில் ஊறியதை அசிட்டோனில் அலசினால் ஈரம் மொத்தமாக வெளியேறும்.

நோய் நிஜமாகவே நின்றதா என்று பார்க்க: மூடிய டப்பாவில் ஒரு சின்ன மூடியில் உப்பை ஈரமாகக் குழைத்து வையுங்கள். கரையாத உப்பு மிச்சம் இருக்கும்வரை உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி நிற்கும். உப்பு படாதபடி காசைத் தனியாக உயர்த்தி வைத்து இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். புதுப் பச்சை முளைத்தால் இன்னும் இருக்கிறது. அப்போது அடுத்த படி பென்சோட்ரையசோல் (செம்பு அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்): எத்தனாலில் 3 சதவீதக் கரைசல், ஒரு நாள் முக்கல். அது நச்சு, நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சோடியம் செஸ்க்விகார்பனேட்டில் வாரக்கணக்கில் ஊறப்போடும் முறையும் உண்டு, ஆனால் அது அடங்கிய களிம்பின் நிறத்தையும் மாற்றும். நாலைந்து புள்ளிக்கு அது அதிகம்.

அச்சுப்பிசகு எழுதியது:

வைக்கும் இடம் பற்றி யாரும் சொல்லவில்லை. 23 மி.மீ. கேப்ஸ்யூல் (காசு வைக்கும் வட்டமான பிளாஸ்டிக் டப்பி) வாங்கினால் காசு உள்ளே போகாது, அழுத்தினால் பிதுங்கிய ஓரம் தேயும். அகலமான அளவு 24.6 என்பதால் உள்ளே நுரை வளையத்தை வெட்டிப் பொருத்தும் பெரிய கேப்ஸ்யூல் எடுங்கள், வளையம் பாலிஎத்திலீனாக இருக்கட்டும். உறை என்றால் மைலார் (குளோரின் இல்லாத பாலியெஸ்டர் தாள்) மட்டும். மெத்தென்று மடங்குகிற, பிளாஸ்டிக் வாடை வீசுகிற உறை பெரும்பாலும் பிவிசி. சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது. இதை வெளியில் நின்று செய்யுங்கள், புகை கெட்டது.

ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் தூங்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் அட்டை, இவ்வளவு போதும். அட்டையின் நிறம் மாறினால் ஜெல்லை அதன் உறையில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில் காயவைத்துத் திருப்பி வையுங்கள். ஓக் மரப் பெட்டி வேண்டாம், அதிலிருந்து அமில ஆவி வரும். நோய் வந்த காசை மற்றக் காசுகளோடு ஒரே டப்பாவில் வைக்காமல் இருப்பதும் நல்லது, உதிரும் தூள் பக்கத்துக் காசில் விழும்.

இன்னொன்று. இதே அறிவுரையைத் துத்தநாகக் காசுக்குப் பயன்படுத்தாதீர்கள். 1983 முதல் வந்த அமெரிக்க ஒரு சென்ட் (2.5 கிராம், 97.5 சதவீதம் துத்தநாகம், மேலே மெல்லிய செம்பு முலாம்) ஆஃப் சென்டரில் நிறையக் கிடைக்கும். அச்சு இழுத்த இடத்தில் முலாம் விரிந்து வெடித்து, உள்ளிருக்கும் துத்தநாகம் வெள்ளைப் பொடியாகும், முலாம் கொப்புளம் கட்டும். அதை நீரில் ஊறவைத்தால் வேகம் கூடும். அசிட்டோன், காய்ந்த டப்பா, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம்பக்கம் எழுதியது:

கிரேடிங்குக்கு (அசலா என்று பார்த்துத் தரம் குறிக்கும் சேவைக்கு) அனுப்பும் எண்ணம் இருந்தால் கணக்கைப் போட்டுவிட்டு ஏலம் கேளுங்கள். அரித்த காசுக்கு என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற இரண்டு கிரேடிங் நிறுவனங்களிலும் எண் கிரேடு கிடைப்பது அரிது, "டீட்டெய்ல்ஸ்" என்று குறித்துக் காரணத்தையும் எழுதித்தான் தருவார்கள். அசல் என்ற உத்தரவாதம் கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் சுத்தமான ஆஃப் சென்டர் காசின் விலையை இதற்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். தடிமன் அளவும் விளிம்பு போட்டோவும் வந்ததும் இங்கே போடுங்கள்.