நூறாவது ஜாயின்டை நெருங்கும்போது கை ஏன் இறுகுகிறது?

கேள்வி:
திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் குழாய்களுக்கு டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் என்னும் மின்பொறி எழுப்பிக் கம்பியை உருக்கி இணைக்கும் முறை) செய்கிறேன். சாய்வாக அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றி வெல்ட் செய்து காட்டும் 6ஜி தேர்வில் தேறிய பிறகு, எக்ஸ்ரேயில் ஒரு ரிப்பேர்கூட வராமல் தொடர்ந்து நூறு ஜாயின்ட் முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே இலக்கு வைத்துக்கொண்டேன். எண்பது வரை வேலை தானாக ஓடுகிறது. அதைத் தாண்டியதும், குழாயின் அடிப்பக்கத்தில் ரூட் (முதல் அடுக்கு) போடும்போது வெல்டிங் டார்ச் எந்தக் கோணத்தில் இருக்கிறது, மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று ஒவ்வொன்றையும் யோசிக்கத் தொடங்கி, பழகிய கையே தடுமாறுகிறது. இலக்கைக் கைவிடுவதா, மனத்தைப் பழக்குவதா?

பதில் 1 (மூத்த வெல்டர்):
தம்பி, இலக்கு வைத்ததில் தவறில்லை. வைத்த இடம்தான் சரியில்லை. ஒரு ஜாயின்ட் தேறுவதில் உங்கள் கையைப் போலவே ஃபிட்டர் விட்ட இடைவெளிக்கும், விளிம்பின் சுத்தத்துக்கும், பி91 போன்ற குரோமியம் கலந்த அலாய் எஃகுக் குழாயானால் உள்ளே நிரப்பிய ஆர்கான் வாயுவுக்கும் பங்கு உண்டு. அத்தனையும் சேர்ந்து தரும் முடிவை உங்கள் ஒருவர் கணக்கில் எழுதினால் பயம்தான் வளரும். முழங்கை எங்கே ஊன்றும், கம்பி எந்தப் பக்கத்திலிருந்து வரும், எங்கே நிறுத்தித் தொடர்வது என்று யோசிக்க வேண்டியதையெல்லாம், ஆர்க் அடிப்பதற்கு முன்பே டார்ச்சை ஒரு சுற்று வெறுமனே ஓட்டிப் பார்த்து முடித்துவிடுங்கள். அடித்த பின் உருகும் குழம்பையும் அதன் இரு விளிம்புகளையும் மட்டும் பாருங்கள். அடிப்பக்கத்தில் உலோகம் தொய்ந்து குழாயின் உட்புறம் குழிவு விழ வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் கவனம் மணிக்கட்டுக்குப் போனால் சூட்டைக் கவனிக்க ஆளில்லை.

பதில் 2 (உடற்கல்வி ஆசிரியர்):
அண்ணன் சொல்வதற்கு ஆய்விலும் ஆதரவு உண்டு. 1998இல் கேப்ரியேல் வுல்ஃபும் உடன் ஆய்ந்தவர்களும், பனிச்சறுக்கு அசைவைப் பழக்கும் பொறியில், தம் பாதங்களைக் கவனித்தவர்களைவிடப் பாதங்களுக்குக் கீழிருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றதைக் கண்டார்கள். புதிதாகக் கற்பவர் கோணத்தை யோசித்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் அந்தக் கட்டத்தைக் கடந்தவர்.

பதில் 3 (தர ஆய்வுப் பிரிவு):
வெல்டர் தகுதிக்கு விதி வகுக்கும் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) தொகுப்பின் ஒன்பதாம் பிரிவுகூட ரிப்பேரே இல்லாத தொடரைக் கேட்பதில்லை. தகுதி நீடிக்க, ஆறு மாதத்துக்குள் அதே வெல்டிங் முறையில் வேலை செய்திருக்க வேண்டும். திறமையை ஐயுறக் குறிப்பான காரணம் இருந்தால் மட்டுமே இடையில் அது பறிபோகும். நாங்கள் பார்ப்பதும் ரிப்பேர் விகிதத்தையும், குறை எந்த வகை, குழாயின் எந்த இடத்தில் வருகிறது என்பதையும்தான். நூறுக்குப் பதிலாக, அடிப்பக்க உட்குழிவு மாதந்தோறும் குறைகிறதா என்று குறித்து வாருங்கள். ஒரு ரிப்பேர் வந்தாலும் அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அண்ணா, நேராகப் பார்க்க முடியாமல் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து, அதில் பார்த்துப் போடும் ஜாயின்டுக்கும் இந்த முறை பொருந்துமா?

பதில் 1:
அங்கேதான் அதிகம் பொருந்தும். கண்ணாடியில் அசைவு முன்பின் மாறித் தெரிவதால், கையை நினைத்தால் குழப்பமே மிஞ்சும். முதலில் கண்ணாடியை அசையாமல் பொருத்தி, கம்பி நுனியால் இடைவெளியைத் தொட்டுத் தொட்டுப் பழகி, தடவாமல் போய்ச் சேருகிறது என்றான பிறகே ஆர்க் அடியுங்கள்.