அறுத்துப் பார்த்தால் உள்ளே ஓட்டை: வார்ப்பு லேப் அனுபவங்கள்

தருமபுரி லேப்:
ஐப்பசி மழை வாரம். அலுமினியம் ஃபிளாஞ்ச் (குழாய் இணைக்கும் வளையம்), பச்சை மணல் மோல்டு, அதாவது காய வைக்காத ஈர மணலில் செய்த அச்சு. வெளியே பளபளன்னு வந்த காஸ்டிங்கை ஹேக்ஸாவால் குறுக்கே அறுத்தால், மேல்தோலை ஒட்டி மிளகு அளவில் ஓட்டைகள், உட்சுவர் வழவழப்பு. "அலுமினியம் கொதிச்சிடுச்சா சார்?" என்றான் ஒரு பையன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா பாதி சரி. கொதிச்சது மணலில் இருந்த தண்ணீர். 4 சதவீதம் இருக்க வேண்டிய ஈரம் 7.

ஓசூர் மோல்டர்:
எல்லாத்துக்கும் மணல் மேல பழி போடாதீங்க. நடுவிலும் குண்டூசி முனை மாதிரி பரவியிருந்தா அது ஹைட்ரஜன். உருகிய அலுமினியம், உறைந்ததைவிடச் சுமார் 20 மடங்கு ஹைட்ரஜனைப் பிடிச்சு வைக்கும், உறையும்போது கக்கிடும். எண்ணெய் படிந்த லேத் சுருளை (கடையும்போது விழும் சீவல்) உருக்கும் குரூசிபிளில் போட்டு, 720 டிகிரியில் ஊற்ற வேண்டியதை 800 வரை விட்டா வேறென்ன வரும்?

காவேரிப்பட்டணம்:
எங்க லேபில் மணல் சரியான ஈரம்தான், அப்பவும் ஓட்டை. கெட்டியா இருந்தா நல்லதுன்னு பசங்க இடிகட்டையால் மணலை இடிச்சுத் தள்ளியிருந்தாங்க. காற்று போக வழியில்லை.

அதனால ஊற்றும் நாள் காலையிலேயே ரெண்டு சோதனை செய்ய வையுங்க. 50 கிராம் மணலை 110 டிகிரி ஓவனில் எடை மாறாத வரை காய வைக்கணும்; 2 கிராம் குறைந்தால் ஈரம் 4 சதவீதம். அடுத்தது பெர்மியபிலிட்டி, அதாவது மணல் காற்றை எவ்வளவு விடுதுன்னு பார்ப்பது: மூன்று இடி இடித்த, 2 அங்குல விட்டமும் உயரமும் உள்ள மணல் மாதிரி வழியே, சதுர செ.மீ.க்கு 10 கிராம் அழுத்தத்தில் 2000 சிசி காற்று போக எத்தனை விநாடி? 3007-ஐ அதால் வகுங்க. 30 விநாடின்னா எண் 100. காற்று போக மணலில் துளை போடும் வென்ட் கம்பி, பேட்டர்னை (அச்சு எடுக்கும் மாதிரி உருவை) தொடாமல் ஒரு விரல்கடை மேலேயே நிற்கணும், தொட்டால் உலோகம் அந்த வழியே ஏறிடும். இன்னொண்ணு, வெறும் சிமென்ட் தரையில் பெட்டியை வைத்து ஊற்றாதீங்க. சிந்தினால் தரைக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கும், காய்ந்த மணல் பரப்பிக்கங்க. கரண்டியையும் சூடாக்காமல் உள்ளே விடக்கூடாது.

தருமபுரி லேப்:
மோல்டர் அண்ணே, மறுபடி பார்த்தேன். தோலோரம் மிளகு, ரைசர் (உறையும்போது உலோகம் ஊட்டும் மேல்தண்டு) அடியில் குண்டூசிப் புள்ளியும் இருக்கு. அடுத்த வாரம் ஒரே உருக்கை 4, 7 சதவீதம்னு ரெண்டு மோல்டில் ஊற்றி, பசங்களையே அறுக்க விடப்போறேன்.

ஓசூர் மோல்டர்:
சுருள் ஸ்கிராப் வேண்டாம், இங்காட் (சுத்தமான உலோகக் கட்டி) போடுங்க. இல்லேன்னா ஈர ஓட்டையும் ஹைட்ரஜன் ஓட்டையும் கலந்து ஒண்ணும் புரியாது.