எபேசஸ் குரூப் டூர்: முழங்கால் வலி இருந்தா எந்த வாசல்?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
கொலுசுப் பட்டறைக் குடும்பங்கள் சேர்ந்து செப்டம்பர்ல துருக்கி போறோம். அங்க இருக்கிற பழைய ரோமானிய நகர இடிபாடான எபேசஸுக்கு இரண்டரை மணி நேரம்னு புரோகிராம்ல இருக்கு. அம்மாவுக்கு 66 வயசு, முழங்கால் வலி. முழுசும் நடக்க முடியுமா? டெரஸ் ஹவுஸுக்குத் தனி டிக்கெட்டாமே, எடுக்கலாமா?

கோரிமேடு நடை:
மேல்வாசல்ல இறக்கிவிட்டு, பஸ் கீழ்வாசல்ல வந்து நிக்கணும். இதை ஏஜென்சிகிட்ட எழுத்துல வாங்கிக்குங்க. இல்லேன்னா பார்த்த தெருவையே திரும்ப ஏறணும். பஸ் இடம் மாறுறதால தொப்பி, மாத்திரை, தண்ணி எல்லாத்தையும் கையோட எடுத்துக்கணும். டாய்லெட் வாசல் பக்கம்தான், உள்ளே போறதுக்கு முன்னாடியே முடிச்சுக்கச் சொல்லுங்க. நிழல் ரொம்பக் குறைவு.

மேலிருந்து வந்தாலும், நடுவுல இறங்குற முக்கியத் தெருவான குரேட்டஸ் தெரு நல்ல சரிவு. பளிங்குக் கல் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும், மழைத்துளி விழுந்தா வழுக்கும். தோல் செருப்பு வேண்டாம், ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடணும். அந்தத் தெருவுல இருக்கிற ஹெர்குலிஸ் வாசல் குறுகல், படியும் உண்டு. நாலு குரூப் ஒண்ணா வந்தா அங்கேதான் நெரிசல். அம்மாவை ஓரமா நிறுத்தி, கூட்டம் போனப்புறம் இறக்குங்க. ஏறுறதைவிட இறங்குறதுதான் முழங்காலைப் பிடிக்கும். அதனால ஏற்காட்டுல சேர்வராயன் கோயில் பக்கச் சரிவுல கைத்தடியோட இறங்கிப் பழகட்டும்.

அஸ்தம்பட்டி வரலாறு:
டெரஸ் ஹவுஸ் கண்டிப்பா பாருங்க, ஆனா அம்மா வேண்டாம். உள்ளே படி ஏறிக்கிட்டே போகணும். பணக்கார ரோமானியக் குடும்பங்களோட வீடுங்க அவை. சுவர் ஓவியம், தரை மொசைக் எல்லாம் கூரைக்கு அடியில அப்படியே இருக்கு. உடைஞ்ச பளிங்குத் துண்டுகளை மேசையில பரப்பிப் பொருத்துற வேலையையும் பார்க்கலாம். அதுவரைக்கும் அம்மாவோட யாராவது ஒருத்தர் செல்சஸ் நூலகம் பக்கம் உட்காரட்டும்.

நூலகம் கிழக்குப் பார்த்தது, காலையிலதான் முகப்புல வெயில் விழும். போட்டோவுக்காகவே சீக்கிரம் கிளம்பலாம். பக்கத்துத் துறைமுகமான குஷாதாசியில சுற்றுலாக் கப்பல் வர்ற நாள்ல தாமதமா போனா தலைகள்தான் தெரியும். நடுத்தூண்கள் ஓரத்தூண்களைவிடப் பெரிசு, அதனால முகப்பு உள்ளதைவிட அகலமாத் தெரியும். மாடத்துல நிக்கிற நாலு பெண் சிலையும் நகல், அசல் வியன்னாவுல.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
ரொம்ப நன்றிங்க. தியேட்டர்ல மேல வரைக்கும் ஏறணுமா?

ஏற்காடு காப்பி:
வேண்டாங்க. கீழே பளிங்குத் தெருவுலயே நின்னா சுமார் 25,000 பேர் உட்கார்ற அமைப்பு தெளிவாத் தெரியும். உங்க குரூப்புக்கு முக்கியமான இடமே அதுதான். ஆர்ட்டெமிஸ்ங்கிற கிரேக்க தேவதையோட கோயிலைப் போலச் சின்ன வெள்ளி உருவங்களைச் செஞ்சு வித்த தட்டார் தெமேத்திரியு, கிறிஸ்தவ மதத்தைப் பரப்பின பவுலோட போதனையால தொழில் போயிடும்னு மத்த தொழிலாளிகளைத் திரட்ட, கூட்டம் இந்த அரங்குக்குள்ளதான் திரண்டுச்சு. பைபிள்ல அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம். இதைச் சொல்லச் சொல்லி கைடுகிட்ட முன்னாடியே கேட்டு வைங்க, அவசரத்துல விட்டுடுவாங்க.

அந்த ஆர்ட்டெமிஸ் கோயில் பழைய நகருக்கு வெளியே, பக்கத்து ஊரான செல்சுக் போற வழியில. திரும்ப நிறுத்தின ஒரே ஒரு தூண்தான் நிக்குது, பத்து நிமிஷம் போதும். ஆர்ட்டெமிஸ் சிலைகள் செல்சுக் மியூசியத்துல இருக்கு. புரோகிராம்ல கம்பளக் கடை, தோல் கடைன்னு நிறுத்தம் போட்டிருந்தா, அதுக்குப் பதிலா மியூசியத்தைச் சேர்க்கச் சொல்லுங்க. முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, அங்க போனப்புறம் மாத்த மாட்டாங்க.